குடும்ப எல்எல்சி வீடு: வருட வாடகையா, நாள் வாடகையா?

அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் நான், அண்ணன், அண்ணி மூவரும் எல்எல்சி (உறுப்பினரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட சிறு நிறுவனம்) பெயரில் ஒரு வீடு வாங்கி, வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டிருக்கிறோம். டிஸ்னி வேர்ல்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏர்பிஎன்பியில் போடாமல் இருக்கிறீர்களே என்று கேட்காத நண்பர் இல்லை. நாள் வாடகையில் வசூலும் அதிகம், அலைச்சலும் அதிகம், தெரிந்த கதைதான். எங்களை முடிவெடுக்க வைத்தது சுயதொழில் வரி: சொந்தத் தொழில் செய்பவர் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் கட்டுவது.

மூவர் சேர்ந்த எல்எல்சி வரிக்கணக்கில் பார்ட்னர்ஷிப். மார்ச் 15-க்குள் எல்எல்சிக்கு ஃபார்ம் 1065 என்ற கணக்கு, அவரவர் பங்கைக் காட்டும் கே-1 படிவம் ஆளுக்கொன்று. வருட வாடகை லாபம் கே-1-ன் 2-ஆம் பெட்டியில் வரும். அதற்கு வருமான வரி உண்டு, 15.3% சுயதொழில் வரி கிடையாது.

நாள் வாடகைக்கும் இந்த விலக்கு கிடைக்கலாம். வந்து தங்குபவருக்கு என்ன சேவை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. விளக்கு, ஹீட்டர், குப்பை அள்ளுவது எல்லாம் கணக்கில் வராது. தினமும் அறையைச் சுத்தம் செய்து கொடுப்பது வரும். 2021 டிசம்பரில் வெளியான ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) குறிப்பு ஒன்று இரண்டு உதாரணம் தருகிறது. கடற்கரை வீட்டில் தினசரி சுத்தம், விளையாட்டுச் சாமான், டாக்ஸி கூப்பன் எல்லாம் கொடுத்தவருக்கு வரி உண்டு. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருமுன் மட்டும் அறையைச் சுத்தம் செய்தவருக்கு இல்லை. முன்னுதாரணமாகக் காட்ட முடியாத குறிப்புதான், ஆனால் கோடு எங்கே என்று ஓரளவு புரிகிறது.

சரி, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடலாமே? தனி ஆளென்றால் நிற்கலாம். எங்கள் அண்ணியோ வந்தவர்களுக்குக் காலையில் இட்லி, ஏர்போர்ட் பிக்கப் என்று ஆரம்பித்துவிடுவார்; ஐந்து ஸ்டார் வேண்டுமே! அவர் ஒருவர் செய்தாலும் அது எல்எல்சி செய்த சேவை. கோடு தாண்டினால் என் பங்கும் கே-1-ன் 14-ஆம் பெட்டிக்கு, அதாவது சுயதொழில் வருமானத்துக்குப் போகும்.

ஆளுக்கு 20,000 டாலர் லாபம் என்று வையுங்கள். வேறு சம்பளம் இல்லாத அண்ணிக்கு அதில் 92.35%-க்கு 15.3%, சுமார் 2,826 டாலர் வரி. 2025-ல் சம்பளமே சோஷியல் செக்யூரிட்டி வரியின் உச்சவரம்பான 1,76,100 டாலரைத் தாண்டியவருக்கு மெடிகேர் 2.9% மட்டும், மிஞ்சினால் இன்னொரு 0.9%. ஒரே பங்கு, ஒரே லாபம், வேறு வேறு வரி. இந்தப் பஞ்சாயத்து வீட்டுக்குள் வேண்டாம் என்று நினைத்தோம். லிமிடெட் பார்ட்னர் (பணம் மட்டும் போட்டு, நிர்வாகத்தில் இறங்காத பங்காளி) என்று சொல்லி இந்த வரியிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்பார்கள். எல்எல்சி உறுப்பினருக்கு அது பொருந்துமா என்பதில் இன்னும் இழுபறிதான்.

நாள் வாடகைக்கும் ஒரு பலமான வாதம் உண்டு. சராசரித் தங்கல் 7 நாளுக்குள் இருந்து, நீங்களே முன்னின்று நடத்தினால், தேய்மானத்தால் (வீட்டின் மதிப்பை வருடா வருடம் செலவாகக் கழிப்பதால்) வரிக்கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். வருட வாடகையில் 25,000 டாலர் வரை நஷ்டத்தை அப்படிக் கழிக்கும் சலுகை, வருமானம் 1,50,000 டாலரை எட்டியதும் மறைந்துவிடும். அதனால் வரிக்கணக்கில் எங்கள் நஷ்டம் கழிக்கப்படாமல் அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போகிறது. முதல் வருடங்களில் பெரிய கழிவு தேவைப்படுபவருக்கு நாள் வாடகையே மேலாக இருக்கலாம். ஆனால் 7 நாள் விதி வேறு, சுயதொழில் வரி விதி வேறு. யூடியூபில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நாள் வாடகையை நாங்கள் ஒரு சீசன்கூட நடத்தியதில்லை. அந்தப் பக்கம் பற்றிச் சொன்னது படித்ததும் எங்கள் சிபிஏ (கணக்காளர்) சொன்னதும்தான். நடத்துபவர்கள் தங்கள் கே-1-ல் 14-ஆம் பெட்டி காலியாக இருக்கிறதா, ஏன் என்று சிபிஏவிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.