பிக்கப்பில் எக்ஸ்ட்ரா டீசல் டேங்க் மாட்டப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

நேற்று சாயங்காலம் பைபாஸ் ஓரம் இருக்கும் அந்தப் பாடி பட்டறையைத் தாண்டி வந்தேன். வாசலில் புது பிக்கப் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் கறுப்பு பெயின்ட் காயாமல் ஒரு டீசல் டேங்க். போன வருஷம் என் வண்டி நின்ற அதே இடம். மனசு கேட்கவில்லை, வண்டியை ஓரங்கட்டி அந்தப் பிக்கப்காரத் தம்பியிடம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றி எர்ணாகுளம் போகிறவன். வாரத்துக்கு மூன்று டிரிப். கேரளாவில் டீசல் நம் ஊரைவிட லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதல். "இங்கேயே 110 லிட்டர் நிரப்பிட்டுப் போனா, ரெண்டு டிரிப்புக்கு அங்க பங்க் பக்கமே போக வேண்டாம்ணே" என்றார் பட்டறைக்காரர். செல்போனில் ஆஸ்திரேலியா வீடியோ ஒன்றும் காட்டினார். பாலைவன ரோட்டில் பிக்கப்புகள் பெரிய டேங்கோடு போகின்றன. பார்க்கும்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த ரோட்டில் பலடோனியா, கைகுனா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 180 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. நம் பாலக்காடு–திருச்சூர் ரோட்டில் பங்க் இல்லாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

வண்டியை விடும் முன் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. கம்பெனி டேங்க் 60 லிட்டர். லோடோடு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் 720 கிலோமீட்டர். எர்ணாகுளம் போய்த் திரும்ப 560 போல வரும். அதாவது இங்கே ஃபுல் டேங்க் அடித்தாலே போய் வந்துவிடலாம். டிராஃபிக்கில் மாட்டி, ஏசி போட்டு, கேரளாவில் 25 லிட்டர் போட வேண்டி வந்தாலும் கூடுதல் செலவு 75 ரூபாய்தான். டேங்குக்கு நான் கொடுத்தது 42,000. டிரிப்புக்கு 75 ரூபாய் மிச்சம் பிடித்தால் 560 டிரிப் ஓட வேண்டும். மூன்றரை வருஷம்!

எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா டேங்கில் 50 லிட்டர் டீசல் 42 கிலோ வரும். டேங்க், கிளாம்ப், போல்ட் எல்லாம் 25 கிலோ. 14 கிலோ தக்காளிப் பெட்டியில் கிட்டத்தட்ட ஐந்து பெட்டி குறைகிறது, ஒவ்வொரு டிரிப்பும்.

சரி, மாட்டியாகிவிட்டது. முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சுவிட்சைப் போட்டால் சின்ன மோட்டார் ஓடி, எக்ஸ்ட்ரா டேங்க் டீசலை மெயின் டேங்குக்கு ஏற்றும். ஜூனில் மழை பிடித்தது. ஒரு ராத்திரி 110 பெட்டி தக்காளியோடு குதிரான் சுரங்கத்தைத் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் அப்படியே அமுங்குகிறது. செக் என்ஜின் லைட் எரிந்தது. கொஞ்ச தூரத்தில் என்ஜின் நின்றே போனது.

பின்னால் வந்த நம்ம ஊர் லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து டார்ச் பிடித்தார். டீசல் ஃபில்டரின் அடி பிளக்கைத் திறந்து பாட்டிலில் பிடித்தோம். கீழே மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், கடுங்காப்பி நிறத்தில். அதற்கு மேல் டீசல். "அண்ணே, இது பங்க் தண்ணி இல்ல. உங்க டேங்க் துருப்பிடிச்சிருக்கு" என்றார் பார்த்தவுடனே. தக்காளி விடிகாலை ஏலத்துக்குப் போய்ச் சேரவில்லை. வியாபாரி 9,000 ரூபாயை வாடகையில் பிடித்துக்கொண்டார்.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் டேங்கைக் கழற்றியபோதுதான் எல்லாம் தெரிந்தது. காற்று போகிற பிரீதர் குழாயை பின் சக்கரத்துக்கு நேராகத் திறந்து விட்டிருக்கிறார்கள். சக்கரம் வாரி அடித்த மழைத் தண்ணீர் அது வழியாக உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் டீசலைவிட கனம், அடியில்தான் தங்கும். மோட்டார் குழாயும் அடியில்தான் உறிஞ்சுகிறது, வாயில் ஒரு வலைகூட இல்லை. டேங்கை அறுத்துப் பார்த்தோம். உள்பக்கம் கோட்டிங் கிடையாது, வெறும் இரும்புத் தகடு. டீசல் அலையாமல் இருக்க வைக்கும் தடுப்புத் தகடும் கிடையாது. மெக்கானிக் காந்தத்தை அடியில் ஓட்டி எடுத்தார். வெல்டிங் பொரி கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது.

பழைய என்ஜினாக இருந்தால் ஃபில்டர் மாற்றிச் சமாளித்திருக்கலாம். இப்போதைய காமன் ரெயில் வண்டியில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில், அதை என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிறது. அதன் துளை முடியளவுதான். துருத் தூள் போனால் அவ்வளவுதான். இரண்டு இன்ஜெக்டர் மாற்றி, பம்ப், லைன், மெயின் டேங்க் எல்லாம் கழுவி 61,000 ரூபாய் பில். வாரண்டி இருந்தும் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. வெளி டேங்க் மாட்டியதால் வாரண்டி செல்லாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். "நீங்க போட்ட டீசல் சரியில்லைங்க" என்றார். அறுத்த டேங்கைக் காட்டினேன். "அதெல்லாம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கிளீன் பண்ணணும், நான் சொன்னேனே" என்கிறார். அவர் சொல்லவே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன், முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். பட்டறைக்காரர் பில்லே தரவில்லை, விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்ததோடு சரி. நல்ல வேளையாக 20,000 ரூபாயை போனில் அனுப்பியிருந்தேன், அந்த ஒன்றுதான் இன்றைக்கும் கையில் இருக்கும் சாட்சி.

"ஆர்.டி.ஓ. பிரச்சினையே வராது, எல்லாரும் போடுறாங்க" என்றும் சொல்லியிருந்தார். அதுவும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றுகிற ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. தண்டனை வண்டி ஓனருக்கு. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சோதனைக்குப் போகும்போது கழற்றி, வந்த பிறகு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வண்டி எங்கேயாவது தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கை வைக்கப் போவது அந்த டேங்கில்தான்.

தூரமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டயர் காற்றைச் சரியாக வையுங்கள், ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், அறுபது எழுபதில் சீராக ஓட்டுங்கள். இந்த மூன்றிலும் எனக்கு இப்போது லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியிருக்கிறது. கேரள எல்லையான வாளையாறு தாண்டும் முன் டேங்கை ரொப்பிக்கொள்கிறேன், தீர்ந்தது. அறுத்த டேங்க் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது மாட்டலாம் என்று நினைத்தால் முதலில் வந்து உள்ளே எட்டிப் பாருங்கள்.

நேற்று பேசிய தம்பி இன்று காலை போன் செய்தார். "வண்டிய எடுத்துட்டு வந்துட்டேண்ணே. அட்வான்ஸ் அஞ்சாயிரத்தத் திருப்பித் தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றார். போகட்டும் தம்பி, என்றேன்.