ஈரமும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர்: வாங்கிய பிறகு தெரிந்தவை

சென்னை மடிப்பாக்கத்தில், மழைக்காலத்தில் தண்ணீர் வரும் தரைத்தள வீடு. வெட் அண்ட் டிரை வேக்குவம் கிளீனர் எதற்கு வாங்கினேன் என்பது இதைச் சொன்னாலே சென்னைக்காரர்களுக்குப் புரிந்துவிடும். 1400 வாட் மோட்டார், 20 லிட்டர் டிரம், காற்று ஊதுவதற்குப் பின்பக்கம் ஒரு துளை. சில வருடங்களாக எங்களிடம் நன்றாகவே உழைக்கிறது.

தினமும் வீடு பெருக்கத்தான் என்றால் வாங்காதீர்கள். வெளியே எடுத்து, ஹோஸ் மாட்டி, ஒயரை இழுத்து, அந்த இரைச்சலையும் பொறுத்துக்கொள்வதற்குள் விளக்குமாற்றால் இரண்டு அறையைப் பெருக்கிவிடலாம். இதன் வேலையே வேறு. சோபா இடுக்கு, ஜன்னல் தண்டவாளம், கார் சீட்டுக்கு அடி, அப்புறம் தண்ணீர்.

தண்ணீர் என்றதும் வெள்ளத்தையே இறைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கணுக்கால் அளவு நின்றாலே அதற்குப் பம்புதான். பம்பு இழுக்காமல் விட்டுவிடும் கடைசி அரை அங்குலம், மூலையில் தேங்கும் சேறு, இவைதான் இதற்கான வேலை. எனக்கு அதிகம் பயன்படுவது மொட்டை மாடி டேங்க் கழுவும்போதுதான். டேங்கின் வெளிக்குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் வண்டல் எப்போதும் கீழேயே தங்கிவிடும். மெஷினை வெளியே காய்ந்த இடத்தில் வைத்து, ஹோஸை மட்டும் உள்ளே விட்டால் சேற்றைத் துப்புரவாக இழுத்துவிடுகிறது. ஹோஸ் முனையை முழுக்க மூழ்கடிக்காமல், பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் இருக்கும்படி பிடியுங்கள். பெட்டியில் உறிஞ்சும் அழுத்தம் 20 கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தால், கணக்குப்படி சுமார் 2 மீட்டர் உயரம்தான் முழுத் தண்ணீரைத் தூக்க முடியும். காற்றும் கலந்து போனால் அதே மெஷின் சிரமப்படாமல் இழுக்கும்.

இன்னொன்று ஏசி. ஸ்பிளிட் ஏசியிலிருந்து அறைக்குள் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான். குழாயின் வெளிமுனையில் ஹோஸை வைத்து, சுற்றிலும் ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்து, சிறிது நேரம் ஓட்டினால் போதும். டிரம்மைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஜெல்லி மாதிரி ஒன்று கிடக்கும். அதுதான் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் உறிஞ்சும் முன் பில்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் மாடலில் மடிப்பு மடிப்பான தூசி பில்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பாஞ்ச் உறையை மாட்ட வேண்டும். எல்லா மாடலும் இப்படி இல்லை, கூட வரும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூசிப் பையையும் எடுத்துவிட வேண்டும். தலைப்பகுதியின் அடியில் ஒரு கூண்டுக்குள் மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் அது எழும்பி மோட்டாருக்குப் போகும் வழியை அடைத்துவிடும். சத்தம் சட்டென்று கீச்சென உயர்ந்து, இழுப்பது நின்றுவிடும். உடனே சுவிட்சை அணைத்துவிட்டு டிரம்மைக் காலி செய்யுங்கள். கூண்டில் முடி, சேறு சிக்கினால் மிதவை ஏறாது, ஆகவே ஒவ்வொரு முறையும் விரலால் தட்டிப் பார்ப்பது நல்லது. சோபாவுக்கு ஷாம்பு போட்டால் கூடுதல் கவனம் வேண்டும். நுரை மிதவையைச் சரியாகத் தூக்காது, நேராக மோட்டார் பக்கம் ஏறிவிடும். சோப்பைக் குறைத்துப் போட்டு, டிரம் பாதி நிறையும் முன்பே கொட்டிவிடுவேன்.

காய்ந்த தூசியில் மோசமானது பெயின்ட் வேலையின்போது வரும் பட்டித் தூள். சிமென்ட்டும் அப்படியே. மாவு போன்ற அந்தத் தூள் பில்டரின் மடிப்புகளுக்குள் அப்பிக்கொள்ளும். இழுக்கும் சக்தி குறைந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பில்டரைத் தட்டிப் பாருங்கள். துணிப் பை போட்டு ஓட்டினால் பாதித் தொல்லை குறையும், பை விலைதான் கொஞ்சம் வலிக்கும். கழுவக்கூடிய பில்டர் என்றால் குழாயடியில் உள்ளிருந்து வெளியே அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் வரும். கனல் உள்ள சாம்பலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உறிஞ்சாதீர்கள்.

பழுது என்று பெரிதாக ஒன்றுதான். ஒரு நாள் ஓடும்போதே நின்றது, தட்டினால் ஓடியது, உள்ளே பொறி தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் புது மோட்டார் போடச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது மெஷினே வந்துவிடும். மோட்டார் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கழற்றிப் பார்த்து, "மோட்டார்ல ஒண்ணுமில்ல சார், கார்பன் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடியே கரண்ட் கொடுக்கும் சிறு கட்டைகள்தான் கார்பன் பிரஷ். இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். சில நூறு ரூபாயோடு முடிந்தது.

பிளக்கை 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள். 1400 வாட் என்றால் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகும். ஈரத்தில் வேலை செய்யும்போது வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது அவசியம், இல்லையென்றால் மெஷினுக்கு முன் அதை வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஹோஸைத் தூக்கிப் பிடித்துச் சில நொடிகள் ஓடவிட்டு அப்புறம் அணையுங்கள், இல்லையென்றால் அதிலிருக்கும் தண்ணீர் திரும்பத் தரையில் கொட்டும். டிரம்மைக் கழுவி, மூடியைத் திறந்தே காயவிடுங்கள்.

என் மனைவிக்கு இதில் பிடித்த ஒரே வேலை, ஹோஸ் வாயில் மெல்லிய துணியை ரப்பர் பேண்டால் கட்டி, கட்டிலுக்கடியில் விழுந்த மூக்குத்தித் திருகைத் தேடி எடுப்பது. திருகு துணியில் வந்து ஒட்டிக்கொள்ளும், டிரம்மில் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை.

அடுத்தது வாங்கினால் வாட்ஸைப் பார்க்க மாட்டேன். பில்டரும் ஹோஸும் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரிப்பேன், டிரம்மின் அடியில் வடிகால் மூடி இருக்கிறதா என்று பார்ப்பேன். எங்களுடையதில் அது இல்லை. 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. அதைத் தூக்கிச் சாய்த்துக் கொட்டும் வேலை இன்றுவரை என் இடுப்புக்குத்தான்.