தொண்டு அமைப்புகளின் ஒருநாள் கூட்டம்: 500 ரூபாய்க்குத் தேறுமா?

வடசென்னையில் சின்னச் சின்னதாகத் தொண்டு செய்கிறவர்களை ஒன்றாகக் கூட்டி, தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்திய கூட்டம் இது. ஆளுக்கு 500 ரூபாய். மதியச் சாப்பாடும் டீயும் அதற்குள் அடக்கம். மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுக்குத் துணையாக வந்து தங்குகிறவர்களுக்கு ஞாயிறு காலையில் கிச்சடி கொடுக்கிற அறக்கட்டளை எங்களுடையது. உண்டியல் காசைத் தொட மனசு வராமல் என் பையிலிருந்துதான் கட்டினேன். அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடியவே பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு ஒருவர் கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் பணம் (சமூகப் பணிக்கென்று அவர்கள் ஒதுக்குவது) வாங்குவது பற்றி ஆங்கிலத்தில் படம் போட்டுப் பேசினார். லாபத்தில் 2 சதவீதத்தை அதற்குச் செலவிட வேண்டும் என்கிற அந்தச் சட்டம் 500 கோடி நிகரச் சொத்து மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி லாபமோ உள்ள கம்பெனிகளுக்கானது. எங்களுக்கு மாதாமாதம் கொடுப்பவர் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் நான் எந்த சிஎஸ்ஆரைக் கேட்பது?

உருப்படியாகப் பேசியவர் ஓர் ஆடிட்டர். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை வாங்கித் தரும் 80ஜி பதிவு இருந்தால் மட்டும் போதாது, வருடா வருடம் மே 31க்குள் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைப் படிவம் 10பிடியில் வரித் துறைக்குப் போட்டு, நன்கொடையாளருக்கு 10பிஇ என்கிற நன்கொடைச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது என்று தமிழில் பளிச்சென்று சொன்னார். கேள்வி கேட்க ஆள் ஆளுக்குக் கை தூக்கியபோது, சாப்பாடு ஆறுகிறது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.

போட்ட காசு திரும்பியது அந்தச் சாப்பாட்டு வரிசையில்தான். எனக்கு முன்னால் நின்றவர் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் குழுவிலிருந்து வந்த ஓர் அக்கா. சாப்பாடு எங்கே கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாங்களும் ஸ்டான்லிதாம்பா. ஞாயித்துக்கெழம சாம்பார் சாதம். போன வாரம் அரை அண்டா மிஞ்சிப்போச்சு." பின்னால் நின்ற வியாசர்பாடித் தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, நாங்களும் ஞாயிறுதான். பிரிஞ்சி."

நாங்கள் மூன்று பேரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் வெகுநாளாக இருக்கிறோம். அங்கே பேனரோடு நிற்கிற போட்டோ வரும், கும்பிடு பொம்மை வரும். மிஞ்சிய அண்டாவை எவர் போட்டோ எடுத்துப் போடுவார்? தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தப் பேச்சு வாயில் வருகிறது.

சாப்பிட்டுக்கொண்டே கிழமையைப் பிரித்தோம். செவ்வாயன்று மீன் வியாபாரம் மந்தம், கை ஓயும் என்று அக்கா அதை எடுத்துக்கொண்டார். தம்பி வேலைக்குப் போகிறவன். வியாழன் ராத்திரி அவனுக்கு. ஞாயிறு எங்களுக்கே. பாக்குமட்டைத் தட்டுக்கு நாங்கள் அழுவதைச் சொன்னதும் (2019இல் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து அழுகிறோம்), "வீட்லேர்ந்து தூக்கு, டப்பா எடுத்தாந்தா ஒரு கரண்டி கூட ஊத்து, அப்புறம் யார் தட்டு கேக்குறா?" என்றார் அக்கா. இப்போது அப்படித்தான் செய்கிறோம். தட்டுச் செலவு பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தில் மாட்டிய அட்டையில் அமைப்பின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாக இருந்தது. எந்த ஏரியா, என்ன வேலை என்பது இல்லை. அதைத் தமிழில் போட்டு, நாற்காலிகளை மேடை பார்க்க வரிசையாக அடுக்காமல் ஏரியாவாரியாக வட்டமாகப் போட்டிருந்தால், வரிசையில் தற்செயலாகக் கிடைத்தது காலையிலேயே நிறையப் பேருக்குக் கிடைத்திருக்கும். ஆடிட்டருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தை வாழ்த்துரைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கருத்துப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். கிழமை அட்டவணையை அதன் பின்பக்கத்தில் எழுதிவிட்டதால் திருப்பித் தர முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த முறை நடத்தினால் போவேன், ஆனால் பதினொன்றரைக்கு மேல். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. அப்பளம் வரிசையின் கடைசிவரை வரவில்லை.