ஒரு ரூபாய்ச் சலுகையும் மாதந்தோறும் போகும் பணமும்: ஓர் எச்சரிக்கை

ஒரு வாரத்திற்கு வெறும் ஒரு ரூபாய் என்று விளம்பரம் செய்யும் பக்தி, ஜோதிட, ஆங்கிலப் பயிற்சிச் செயலிகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் இருந்தால், அவர்களுடைய யுபிஐ செயலியில் உள்ள ஆட்டோபே (ஒருமுறை அனுமதி தந்தால் பணம் தானாகவே பிடிக்கப்படும் வசதி) பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள். ஓய்வூதியத்தில் வாழும் என் பெரியம்மாவின் கணக்கிலிருந்து அப்படிப்பட்ட ஒரு பக்திச் செயலி மாதம் 399 ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வந்த பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது.

அந்தச் செயலியில் பணம் செலுத்தும் திரையை நான் என் கைபேசியில் திறந்து பார்த்தேன். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு ரூபாய் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, வெளிர்சாம்பல் நிறத்தில், சலுகைக் காலம் முடிந்ததும் மாதந்தோறும் கட்டணம் பிடிக்கப்படும் என்ற செய்தி ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான அளவில் இருக்கிறது. யுபிஐ பின் எண்ணை அழுத்தும்போது ஒரு ரூபாய் மட்டும் போவதில்லை, இனி வரும் மாதங்களுக்கான அனுமதியும் சேர்ந்தே போகிறது என்பதைத் தமிழ் மட்டும் படிப்பவர் எப்படி அறிவார்?

"அதத்தான் அப்பவே அழிச்சிட்டேனேப்பா" என்றார் பெரியம்மா. பலரும் நினைப்பது இதுதான். ஆனால் ஆட்டோபே அனுமதி செயலிக்குள் இருப்பதில்லை. வங்கியிலும் யுபிஐ அமைப்பிலும் பதிவாகியிருக்கிறது. ஆகவே செயலியை நீக்கினாலும், கைபேசியையே மாற்றினாலும், பணம் தொடர்ந்து போகும்.

பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தகவல் வந்துதான் இருந்தது. கடன் விளம்பரங்களுக்கு நடுவே, ஆங்கிலத்தில், செயலியின் பெயருக்குப் பதிலாக யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயரோடு.

நிறுவனத்தின் வழியாக ரத்து செய்ய முயன்றது தனிக் கதை. ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினால் பாதிக் கட்டணச் சலுகை வருகிறது, அதை மறுத்தால் காரணம் கேட்கிறது, காரணம் சொன்னால் உதவி மையத்துக்கு எழுதச் சொல்கிறது, எழுதினால் தானியங்கிப் பதில் ஒன்று வருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்வதை வேண்டுமென்றே சிக்கலாக்குவது அதில் அடங்கும். தடை இருந்தும் துணிந்து செய்கிறார்கள்.

எனவே முதலில் பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள். யுபிஐ செயலியில் உங்கள் சுயவிவரப் பக்கத்துக்குள் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதி இருக்கும். அதில் நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். உரியதைத் தேர்ந்து ரத்து செய்து பின் எண்ணை இட்டால் வேலை முடிந்தது, நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. பக்கத்திலேயே இருக்கும் இடைநிறுத்தப் பொத்தானை நம்ப வேண்டாம், அது தற்காலிகமானது. ஒன்றுக்கு மேற்பட்ட யுபிஐ செயலிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பாருங்கள். கூகுள் பிளே வழியாக எடுத்த சந்தாவை அங்குள்ள சந்தாக்கள் பக்கத்திலும், கார்டில் கொடுத்த அனுமதியை வங்கியின் இணையதளத்திலும் நிறுத்தலாம். ரீசார்ஜ் பணம் காரணமின்றிக் குறைந்தால் காலர் டியூன் போன்ற சேவை ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 155223 என்ற எண்ணில் அதை நிறுத்தலாம். இந்த வேகத்தில் காப்பீட்டுத் தவணையையோ கடன் தவணையையோ ரத்து செய்துவிடாதீர்கள். பாலிசி காலாவதியாகும், அபராதமும் விழும்.

போன பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தோம். கடைசி மாதக் கட்டணத்தை மட்டும் நிறுவனம் திருப்பித் தந்தது. மற்றவற்றுக்கு, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் பணம் செலுத்தினீர்கள் என்று பதில் எழுதியது. ரத்து செய்த பிறகும் பணம் பிடிக்கப்பட்டால் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம்.