ஏசி காப்பர் பைப் துடைக்கிற ஸ்பாஞ்ச் புல்லட் செட், வாங்கலாமா?

பழைய ஆர்-22 கேஸ் ஏசிய கழட்டிட்டு ஆர்-32 கேஸ் இன்வெர்ட்டர் ஏசி மாட்டுறப்ப சுவத்துக்குள்ள போன பைப்ப மாத்த முடியலன்னா உள்ள ஒட்டிருக்க பழைய கம்ப்ரசரோட மினரல் ஆயில எடுத்தே ஆகணும், ஆர்-32 கேஸோட அது கலக்காது, அதனாலதான் புது கம்ப்ரசர்ல பிஓஇ மாதிரி சிந்தெடிக் ஆயில் வருது. ஃப்ளஷ் கெமிக்கல் அடிச்சா அந்த கெமிக்கலயே வெளிய எடுக்கறது தனி ரோதனை. அதுக்கு இது எவ்ளோவோ தேவலாம். பைப் உள் அளவ விட கொஞ்சம் தடிச்ச ஃபோம் உருண்டை, லைனோட ரெண்டு முனையும் கழட்டி ஒரு பக்கம் திணிச்சு ரெகுலேட்டர் போட்டு நைட்ரஜன் விட்டா சர்ருன்னு துடைச்சுகிட்டே மறுபக்கம் வந்து விழுது. முதல் உருண்டை டீ டிக்காஷன் கலர்ல சொதசொதன்னு வந்துச்சு, கூடவே கருப்பு செதில் வேற, எவனோ உள்ள நைட்ரஜன் விடாம பைப்ப சூடு பண்ணி ஒட்ட வச்சு பிரேஸிங் பண்ணிருக்கான் (பாதி பேர் அப்படித்தான பண்றாங்க). உருண்டை வெள்ளையா வர்ற வரைக்கும் விட்டுகிட்டே இருக்கணும். வெளிய வர்ற முனைல சாக்கு கட்டிருங்க, தெறிக்கும்.

குறைன்னா, கால் இன்ச்சும் அரை இன்ச்சும் ஒரே கவர்ல கலந்து போட்டு அனுப்பிருக்கானுங்க, சைஸ் மாறினா சிக்கிக்கும். பைப் நசுங்கின இடத்துலயும் அதே கதிதான். காயில், கேப்பிலரி (மெல்லிசா இருக்க குட்டி குழாய்) பக்கம் கொண்டு போகவே கூடாது. பைப்புக்குள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு இழுக்கற வேக்கமும் வழக்கம் போல போட்டே ஆகணும். நாலு ஸ்டார்.