சம்பளத்தோடு ஆசிரியர் பயிற்சி: கூடவே பிஜிசிஇ-யும் செய்யலாமா?

இங்கிலாந்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆசிரியர் பயிற்சி எடுப்பவர்களிடம் பல இடங்களில் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: க்யூடிஎஸ் என்ற தகுதிநிலை மட்டும் போதுமா, பிஜிசிஇ என்ற சான்றிதழையும் சேர்த்துச் செய்கிறீர்களா? கூடுதலாக ஒரு சான்றிதழ் என்றால் நம்மவர்களுக்கு விட மனசு வராதே, யோசிக்காமல் ‘சேர்த்தே செய்கிறேன்’ என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

க்யூடிஎஸ் என்பது ‘தகுதிபெற்ற ஆசிரியர்’ என்ற நிலை. 2012-இல் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் தர அளவுகோல்களை எட்டியிருக்கிறீர்களா என்று வகுப்பறையில் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். பிஜிசிஇ என்பது பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ், கட்டுரை எழுதி வாங்குவது. பள்ளியில் பாடம் நடத்த முதலாவது போதும், இரண்டாவது கட்டாயமில்லை.

சம்பளத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. 2025 செப்டம்பர் முதல் லண்டனுக்கு வெளியே தகுதிபெற்ற ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. பிஜிசிஇ இருக்கிறது என்பதற்காக சம்பளப் படிநிலையில் ஒரு படிகூட ஏறாது. பயிற்சிக்குப் பிறகு புது ஆசிரியர்களுக்கு வரும் இரண்டு ஆண்டு அறிமுகக் காலமான இண்டக்‌ஷனும் இருவருக்கும் ஒன்றுதான். இங்கிலாந்துக்குள் வேலை தேடும்போதும், நேர்காணல் நாளில் நீங்கள் எடுத்துக்காட்டும் பாடத்துக்கு உள்ள எடை அந்தச் சான்றிதழுக்கு இருந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும்? வெளியே போவதற்கு. ஸ்காட்லாந்தில் ஆசிரியர் பதிவு தனி அமைப்பின் கையில் இருக்கிறது. அங்கே வெறும் க்யூடிஎஸ்ஸோடு போய் நின்றால் சிக்கல் வரும். துபாய், சிங்கப்பூர் பக்கம் உள்ள சர்வதேசப் பள்ளிகளின் விளம்பரங்களிலும் ‘பிஜிசிஇ’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறினால் நாடு மாற வேண்டியிருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு காரணம் முதுகலை. பிஜிசிஇ-யில் பெரும்பாலும் முதுகலைக் கணக்கில் சேரும் 60 கிரெடிட் (படிப்புப் புள்ளி) கிடைக்கும். முதுகலைப் பட்டத்துக்கு 180 வேண்டும், ஆக மூன்றில் ஒரு பங்கு முடிந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் மீதி 120-ஐ மட்டும் படிக்கச் சேர்ந்தால் அரசின் முதுகலைக் கடன் கிடைக்காது. முழுப் படிப்பாக இருந்தால்தான் அந்தக் கடன். கைக்காசு போட்டுப் படிக்க முடியாதவருக்கு இந்த 60 கிரெடிட் எவ்வளவு பயன்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘போஸ்ட்கிராஜுவேட்’, ‘புரொஃபஷனல் கிராஜுவேட்’ என்று இரண்டு சான்றிதழ்கள் இருக்கின்றன, இரண்டின் சுருக்கமும் பிஜிசிஇ-தான். முதுகலைக் கிரெடிட் தருவது முன்னதுதான். எது உங்களுக்குக் கிடைக்கப்போகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது இடத்துக்கு இடம் மாறும். நேரம்தான் பெரிய செலவு. சம்பளப் பாதையில் பயிற்சி பெறுபவருக்குத் தகுதிபெற்ற ஆசிரியரின் வேலையில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது விதி. அந்த வரம்புக்குக் கீழேயே இருந்தாலும் மூச்சு முட்டும். சம்பளமில்லாமல் பயிற்சி மாணவராக நுழைந்து வகுப்பை மெல்ல மெல்லக் கையில் எடுப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் நமக்கு இல்லை. போதாததற்கு நடுவில் வேறொரு பள்ளிக்கும் போய்ப் பாடம் நடத்திவிட்டு வர வேண்டும்.

என் இரண்டாவது கட்டுரைக்கான கெடு, இயர் 11 (15-16 வயது) பிள்ளைகளின் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தும் அதே வாரத்தில் வந்து விழுந்தது. பல்கலைக்கழகமும் பள்ளியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு ராத்திரி தூக்கம் போனது. மறுநாள் வகுப்பில் நான் நடத்தியதைப் பாடம் என்றே சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் கட்டுரையை, பிள்ளைகள் எதிர்ம எண்களில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது பற்றி எழுதினேன். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று விதியை முதலில் சொல்லிக்கொடுத்ததுதான் என் தவறு என்று அதற்காகப் படித்தபோதுதான் புரிந்தது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அதையே போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இப்போது எண்கோட்டில் ஆரம்பிக்கிறேன். கட்டுரை எழுதவேண்டிய கட்டாயம் இல்லையென்றால் அந்த வருடம் அதையெல்லாம் படித்திருக்கமாட்டேன்.

‘அப்புறம் செய்துகொள்ளலாம்’ என்பதும் ஒரு வழிதான். க்யூடிஎஸ் கையில் வந்த பிறகு தொலைநிலையில் பிஜிசிஇ தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. சர்வதேச பிஜிசிஇ என்ற வகையும் உண்டு. அது க்யூடிஎஸ் தராது, ஆனால் ஏற்கெனவே க்யூடிஎஸ் வைத்திருப்பவருக்கு அது குறையில்லை. இரண்டு வருடம் பாடம் நடத்திய பிறகு எழுதும் கட்டுரையில் சரக்கும் கூடுதலாக இருக்கும்.

என்னைக் கேட்டால், இங்கிலாந்தில்தான் இருக்கப்போகிறேன் என்பவர், அதுவும் வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர், முதல் வருடம் க்யூடிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருடத்தில் வெளியே போகும் எண்ணம் இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள். பள்ளியே கட்டணம் கட்டுகிறது என்றால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று உள்ளே எங்காவது ஒரு வரி இருக்கலாம். கட்டுரைக் கெடு தேதிகளையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, பள்ளி நாட்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.