கடைவீதிச் சிகரெட் துண்டுகள்: தடையா, சுவர்த் தொட்டியா, புகைக்கத் தனி இடமா?

நகர மையக் கடைவீதியில் சிதறிக் கிடக்கும் சிகரெட் துண்டுகளுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று எங்கள் வணிகர் சங்கத்தில் பேச்சு வந்தபோது மூன்று யோசனைகள் எழுந்தன. ஒன்று, வீதி முழுக்கப் புகைக்கத் தடை. இரண்டு, கடைக்குக் கடை சுவரில் ஒரு சின்ன சாம்பல் தொட்டி. மூன்று, வாசல்களை விட்டுத் தள்ளி நாலைந்து இடங்களை மட்டும் புகைக்க ஒதுக்கி, அங்கே பெரிய தொட்டி வைப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. எனக்கும் அதில்தான் சாய்வு. அதற்குத் தகுந்தபடி கழித்துக்கொண்டு படியுங்கள்.

துண்டால் வரும் கேட்டை நீட்டி முழக்கத் தேவையில்லை. ஃபில்டருக்குள் இருப்பது பருத்தி என்றே பலர் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை, சீக்கிரம் மக்காது. மழை பெய்தால் நேராக வடிகாலுக்குள் போய்விடும். புகைத்த துண்டு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று என்ற கணக்கில் ஊறினாலே, அந்த நீரில் விட்ட மீன்களில் ஏறக்குறைய பாதி 4 நாளில் செத்துவிடுவதை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

முதலில் தடை. கேட்க நன்றாக இருக்கும், பலகை அடிக்கும் செலவோடு முடிந்துவிடும் என்றும் தோன்றும். டோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002இல் தெருவில் நடந்தபடி புகைப்பதற்கு அபராதம் போடத் தொடங்கியது. சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை 2019 ஜனவரியிலிருந்து புகையில்லாப் பகுதி. மிலான் நகரம் 2025 ஜனவரி 1 முதல், மற்றவர்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்காவிட்டால் திறந்தவெளியிலும் புகைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்ச்சர்ட் சாலையில் தடையோடு சேர்த்தே புகைக்கத் தனி இடங்களையும் குறித்துக் கொடுத்தார்கள். சியோடாவிலும் புகைப்பதற்கான இடங்கள் உண்டு. ஆக, தடை என்று நாம் மேற்கோள் காட்டும் ஊர்கள் பாதி மூன்றாவது வழியில்தான் நிற்கின்றன.

தடையை மட்டும் போட்டால் என்ன ஆகும்? தொட்டி வைத்தால் ‘இங்கே புகைக்கலாம்’ என்று அர்த்தமாகிவிடும் என்பதால் யாரும் வைக்க மாட்டார்கள். தம் அடிப்பவர் பக்கத்துச் சந்துக்குள் போவார், துண்டு அங்கே விழும். கையும் களவுமாகப் பிடித்து அபராதம் போட, நாள் முழுக்க ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நகராட்சியே முன்வந்து ஆள் போட்டால் சரி. ஒரு சங்கத்தால் அது ஆகாது. தடையை நாங்கள் நடத்திப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இது பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்வதுதான்.

சுவர்த் தொட்டிக்கு நல்ல சான்று இருக்கிறது. சாம்பல் தொட்டி ஒவ்வொன்று கூடும்போதும் துண்டு வீசுவது 9 சதவீதம் குறைகிறது என்று ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ அமைப்பின் 2009 ஆய்வு சொல்கிறது. அப்படியானால் நிறைய வைத்துவிட வேண்டியதுதானே? எங்கள் கூட்டத்திலும் இதைத்தான் கேட்டார்கள்.

அதற்கு ஒரு பதில், புகை. திறந்தவெளியில் சிகரெட் புகை 2 மீட்டருக்குள்தான் அடர்த்தி. அதைத் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2007இல் அளந்து சொன்னார்கள். வாசல் சுவரில் தொட்டி மாட்டினால், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்த 2 மீட்டரைக் கடந்துதான் வர வேண்டும்.

இன்னொரு பதில், காலி செய்வது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான். சுவர்த் தொட்டி என்பது ஒரு தகரப் பெட்டி. மேலே அணைக்க ஒரு துளைத் தகடு, உள்ளே ஒரு குவளை, திறக்க ஒரு சாவி. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முன்பே சிலர் தாங்களாக மாட்டியிருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். குவளை வாய் வரை நிறைந்து, மழைநீர் இறங்கி, துண்டுகள் ஊறிப் பருத்து ஒரே கட்டியாக இறுகியிருந்தன. தட்டினாலும் விழவில்லை, குச்சியால் கிளற வேண்டியிருந்தது. அடித்துளை வழியாக ஒழுகிய பழுப்புத் தண்ணீர் சுவரில் தரை வரை கோடு போட்டிருந்தது. சாவி வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரிடம். நிறைந்த தொட்டி, தொட்டியே இல்லாததை விட மோசம். அதன் காலடியில் போடுவது தப்பில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த 9 சதவீதக் கணக்கு, காலி செய்யப்படும் தொட்டிக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கடைக்கு ஒன்று என்றால் அத்தனை சாவி, அத்தனை பொறுப்பு, அத்தனை மறதி. நாலைந்து இடம் என்றால் ஒரே ஆள் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். துப்புரவு ஒப்பந்தத்தில் ‘பராமரிப்பு’ என்று பொதுவாக எழுதாமல், தினமும் எத்தனை மணிக்கு, சனி ஞாயிறு மாலையில் எத்தனை முறை, அடியில் சிதறியதைப் பெருக்குவதும் சேர்த்தியா என்று எழுதி வாங்கினோம். வார இறுதி மாலைதான் சோதனை.

இடம் தேர்வதில் ஒரு விஷயம் எனக்கே புதிது. வாசலில் துண்டு போடுவது வாடிக்கையாளர் என்று நினைத்திருந்தோம். இடைவேளையில் வெளியே வரும் கடைப் பணியாளர்களே அதில் கணிசம். அப்புறம் பேருந்து நிறுத்தம்: பற்றவைத்துப் பாதியில் வண்டி வந்துவிடும், ஏறும் முன் காலடியில் போடுவார்கள். ஆகவே ஓர் இடத்தைப் பணியாளர்கள் வரும் பின்வாசல் பக்கமும், இன்னொன்றை நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளியும் வைத்தோம். ரொம்பத் தள்ளினால் யாரும் நடக்க மாட்டார்கள். மேலே கூரையும் வேண்டும், இல்லாவிட்டால் தூறல் விழுந்ததும் எல்லோரும் பழையபடி கடை வாசலுக்கே வந்துவிடுவார்கள். மணல் நிரப்பிய தொட்டி மட்டும் வேண்டாம். சலிக்க வேண்டும், காகிதக் கோப்பையும் சூயிங்கமும் அதில்தான் வந்து சேரும்.

குறை இல்லாமல் இல்லை. ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கோபம் வரும். “உங்க கடை முன்னாடி வைப்பீங்களா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜன்னலோ வாசலோ இல்லாத சுவராகப் பார்த்து மாற்றிய பிறகுதான் ஓய்ந்தது.

லண்டன் வில்லியர்ஸ் தெருவில் 2015இல் ஹப்பப் என்ற அமைப்பு வைத்த வாக்குத் தொட்டியும் பேச்சில் வந்தது. ரொனால்டோவா மெஸ்ஸியா என்று கேட்டு, துண்டையே ஓட்டாகப் போடச் சொல்வது. எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் கேள்வி பழசாகாமல் மாற்றிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். பையில் வைக்கும் குட்டி சாம்பல் டப்பா, கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

செலவு யார் தலையில் என்பது தனிக் கதை. சான் ஃபிரான்சிஸ்கோ 2009இல் துண்டு பொறுக்கும் செலவுக்காக ஒரு பாக்கெட்டுக்கு 20 சென்ட் கட்டணம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஃபில்டர் குப்பையை அள்ளும் செலவைத் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் கடைக்காரர்கள்தான் பங்கு போட வேண்டும்.

நீண்ட மழைக்காலத்தை எங்கள் தொட்டிகள் இன்னும் பார்க்கவில்லை. கூரை போதுமா என்பது அப்போது தெரியும். தூக்கி எறியும் மின்சிகரெட்டும் இப்போது உள்ளே விழ ஆரம்பித்திருக்கிறது. அதில் லித்தியம் பேட்டரி இருக்கிறது, பக்கத்தில் அணையாத துண்டு. அதற்குத் தனித் தொட்டி கேட்டிருக்கிறோம். அதுவரை காலி செய்பவர் கையுறை போட்டு, கண்ணில் படுவதை முதலில் எடுத்துத் தனியே வைக்கிறார்.